பொனற்றைத் திறக்கும் முன்

காலை ஒன்பது மணி ஏழு நிமிடத்துக்கு ஏசி சூடான காற்றை விடத் தொடங்கியது. நிமிடம் வரை தெரிவதற்குக் காரணம் உண்டு. என் மகள் ஆரணியின் முகூர்த்தம் பத்து இருபதுக்கும் பதினொன்று ஐந்துக்கும் இடையில். அன்று காலை முழுவதும் நான் கார் மணிக்கூட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெர்மனியின் எசன் நகரைவிட்டு வெளியேறிய மணப்பெண் கார், வீதி வேலை நடக்கும் நெடுஞ்சாலையில், ஆனி மாத வெயிலில் ஊர்ந்துகொண்டிருந்தது. மனைவியின் தம்பி குகன் ஓட்டினான். கார் அவனுடையது. நான் அவனுக்குப் பக்கத்தில். பின்னால் ஆரணியும் என் மனைவி புவனாவும்.

"அத்தான், ஏசி சூடா வருது," என்றான் குகன்.

"காஸ் கொஞ்சம் குறைஞ்சிருக்கும். காத்தைக் கூட்டி விடு," என்றேன்.

முப்பத்தொரு வருடம் கார்களின் குளிர்ச்சியைக் கவனிப்பதுதான் என் தொழில். ரேடியேட்டர், தண்ணீர்ப் பம்ப், தெர்மோஸ்டாட், ஏசி. எங்கள் பட்டறையில் முதல் வருடப் பயிலுநர் ஒருவர் அப்படிப் பதில் சொல்லியிருந்தால், அவருடன் நான் பின்னேரம் தனியாகப் பேசியிருப்பேன்.

இடது தோள் ஏலாமல் போனதால் ஓய்வு கிடைத்து இரண்டு வருடமாகிறது. இங்கே வாகனத் தொழில் படிக்கும் எங்கள் தமிழ்ப் பிள்ளைகள் சிலர், அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டிருந்தார்கள். மின்சாரக் கார் வந்த பிறகு என் அனுபவத்தால் யாருக்கு என்ன பயன் என்று தள்ளிப்போட்டேன். கல்யாணத்துக்குப் போனவர்களிடம் இப்போது ஒரு கதை உலாவுகிறது. குகனின் கார் பழசு, அதனால் நின்றது என்பது அந்தக் கதை. அது பொய். குகன் பாவம். ஆகவே எழுதுகிறேன்.

தொழில் படித்த காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்பில் கணிதம் படித்தேன். இங்கே அகதி விண்ணப்பம் ஏற்கப்படும்வரை ஓர் உணவகத்தில் தட்டுக் கழுவினேன். பிறகு மூன்றரை வருட அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி. கணிதம் உதவியது, என்னுடைய டொச்சு, அதாவது ஜெர்மன் மொழிப் பேச்சு, உதவவில்லை. சோதனையில் தேறியதும் பத்துப் பேர் வேலை செய்யும் ஒரு பட்டறை என்னை எடுத்தது. கடைசி நாள்வரை அங்கேதான் இருந்தேன்.

அங்கே மைஸ்டர், அதாவது தலைமைத் தொழிலாளர், ஹெர் பாவ்லாக். ஹெர் என்றால் திரு. மெலிந்த, உயரமான மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. இருபத்திரண்டு வருடம் ஒன்றாக வேலை செய்தும் அவர் என்னை 'நீங்கள்' என்றுதான் அழைத்தார், நானும் அப்படியே. என் பெயர் சிவனேசன். அதில் முன்பாதியை அவர் முதல் நாளே விட்டுவிட்டார். ஹெர் நேசன்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. பழுது என்று ஒரு வாகனம் வந்தால் பொனற்றை, அதாவது எஞ்சினுக்கு மேலுள்ள முன்மூடியை, உடனே திறக்க விடமாட்டார். முதலில் வாகனத்தின் முன்னால், இரண்டு அடி தள்ளி நிற்க வேண்டும். கைகள் காற்சட்டைப் பைக்குள் இருக்க வேண்டும். கை வெளியே இருந்தால் அது எதையாவது கழற்றும், கழற்றினால் கண் வேலை செய்யாது என்பார். பிறகு பக்கத்தில் வந்து நின்று கேட்பார்: "என்ன தெரிகிறது?"

"தெர்மோஸ்டாட் போயிருக்கலாம்," என்று நான் ஆரம்ப காலத்தில் சொல்வேன்.

"தெர்மோஸ்டாட் இங்கிருந்து தெரிகிறதா?"

"இல்லை."

"அப்படியானால் என்ன தெரிகிறது?"

"நம்பர் பிளேட். ஒரு கீறல். கீழே ஈரம்."

"ஈரம். நல்லது. அதிலிருந்து தொடங்குங்கள்."

எங்கள் சனம் காரின் குளிர்ச்சியை எப்படிப் பராமரிக்கிறது என்பதையும் அங்கேதான் அறிந்துகொண்டேன். கோடை முழுவதும் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் தாங்கியில் குழாய்த் தண்ணீரை ஊற்றுவார்கள். தண்ணீர் தண்ணீர்தானே. முதல் உறைபனியில் அது கட்டியாகி, மார்கழியில் என்னிடம் வருவார்கள். ஏசி போட்டால் சளி, தடிமன் வரும் என்று வருடக்கணக்கில் போடாமலே விட்டு, அதன் றபர் வளையங்கள் காய்ந்து காஸ் போனபின், "தம்பி, நாங்கள் பாவிக்கவே இல்லை, எப்பிடிப் பழுதாகும்?" என்று கேட்பார்கள். குளிர்காலத்திலும் கிழமைக்கு ஒருதரம் பத்து நிமிடம் போடுங்கள் என்று நான் ஆயிரம் தரம் சொல்லியிருப்பேன். எஞ்சின் கொதித்தால் செய்ய வேண்டியதையும் சொல்வேன். ஏசியை நிறுத்துங்கள். சூட்டுக் குமிழைக் கடைசிவரை திருப்புங்கள். காற்றை முழுதாகக் கூட்டுங்கள். எஞ்சினின் சூட்டில் ஒரு பங்கு காருக்குள் வந்துவிடும், எஞ்சின் பிழைக்கும். கண்ணாடிகளைத் திறந்துவிட்டு, பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். கூலன்ட் தாங்கியின் மூடியை அரை மணித்தியாலம் தொடாதேங்கோ.

இந்த ஆலோசனையை நான் எப்போதும் மற்றவர்களுக்கே சொல்லிவந்தேன்.

இனி டயாலிசிஸ் வான். சிறுநீரக நோயாளிகளைச் சிகிச்சைக்கு ஏற்றி இறக்கும் ஒன்பது இருக்கை வாகனம் அது. ஒரு கோடையில் கொதிக்கிறது என்று வந்தது. ஹெர் பாவ்லாக் விடுமுறையில் இருந்தார். நான் பொனற்றைத் திறந்தேன், தெர்மோஸ்டாட்டை மாற்றினேன், அனுப்பினேன். ஒரு கிழமையில் திரும்பி வந்தது. தண்ணீர்ப் பம்பை மாற்றினேன். பழைய பம்பில் ஒரு குறையும் இருக்கவில்லை. அதைக் கையில் வைத்துப் பார்த்தபோது எனக்கு அது தெரிந்தது, ஆனாலும் மாற்றிவிட்டேன். சாரதி ஏசியும் சரியில்லை என்று சொன்னார். அது வேறு பிரச்சினை, அடுத்த தரம் பார்ப்போம் என்றேன்.

மூன்றாம் தரம் அது நெடுஞ்சாலையில் கொதித்தது. உள்ளே நான்கு நோயாளிகள். சாரதி நான் சொல்லிக் கொடுத்தபடியே சூட்டைக் கடைசிவரை திருப்பினார். எஞ்சின் பிழைத்தது. எழுபத்தெட்டு வயதுப் பெண்ணொருவர் மயங்கினார். அம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது.

அடுத்த நாள் ஹெர் பாவ்லாக் திரும்பி வந்தார். வானின் முன்னால் நின்றார், கைகள் பைக்குள். பிறகு முழங்காலை மடித்துக் குந்தி, முன் கம்பிகளுக்கு ஊடாகப் பார்த்தார். என்னையும் குந்தச் சொன்னார்.

"என்ன தெரிகிறது?"

"போர்வை," என்றேன். வேறு சொல் வரவில்லை.

ரேடியேட்டருக்கு முன்னால் ஏசியின் கொண்டென்சர் நிற்கும். அதுவும் ஒரு மெல்லிய ரேடியேட்டர்தான். காற்று முதலில் அதற்குள்ளால்தான் நுழைய வேண்டும். அந்த வான் தினமும் கால்வாய்க்கரைப் பொப்லார் மரங்களின் கீழ் நிறுத்தப்படும். மரத்தின் பஞ்சு பறந்து வந்து கொண்டென்சரில் படிந்து, தூசி சேர்ந்து, சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளி மாதிரி மூடியிருந்தது. காற்றுப் போக வழியில்லை. அதனால் முதலில் ஏசி சூடாகும், பிறகு எஞ்சின் சூடாகும். சாரதி சொன்னவை இரண்டு பிரச்சினைகள் அல்ல, ஒன்றுதான். இரண்டு தரம் சொல்லியிருக்கிறார்.

கையால் உரித்தேன். முழுத் துண்டாக வந்தது.

ஹெர் பாவ்லாக் என்னைத் திட்டவில்லை. வேலைத் தாளில் 'அடைப்பு அகற்றப்பட்டது' என்று எழுதினார். வான் நிறுவனத்துக்குத் தானே தொலைபேசி எடுத்து, "பிழை எங்களுடையது," என்றார். 'எங்களுடையது' என்ற சொல்லை நான் கவனித்தேன். பின்னேரம் என்னையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். அந்தப் பெண் கட்டிலில் இருந்து யோகர்ட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "அந்தக் கார்க்காரர் நீங்கள்தானா? உங்கள் ஹீட்டர் நன்றாக வேலை செய்கிறது," என்றார்.

அதன்பிறகு நான் ஓய்வு பெறும்வரை கைகளைப் பைக்குள் விடாமல் ஒரு பொனற்றையும் திறந்ததில்லை. இதைப் பெருமையாகப் பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். ஆரணி அதைக் கேட்டே வளர்ந்தாள்.

கல்யாணத்துக்கு முதல்நாள் குகன் ஒரு மயில் கொண்டுவந்தான். காரின் அலங்காரத்துக்கு. றெஜிபோம் என்று நாங்கள் சொல்லும் இலேசான வெள்ளைப் பலகையில் வெட்டி, நிறம் தீட்டி, தோகையில் கண்ணாடி பதித்த மயில். விரித்த தோகை ஒன்றேகால் மீற்றர் அகலம். மூன்று கிழமை இருந்து செய்திருந்தான். பொனற்றின்மேல் வைப்பதுதான் அவனுடைய திட்டம்.

நான் மறுத்தேன்.

"சாரதிக்கு வீதி மறையும். பொலிஸ் மறிப்பான். பாதுகாப்புத்தான் முதல்," என்றேன்.

"அப்ப எங்க அத்தான் வைக்கிறது? டிக்கியில வைச்சா ஆருக்குத் தெரியும்?"

"முன்னுக்கு, கீழ வை. நம்பர் பிளேட்டுக்கு மேல."

"நீங்கள் சொன்னாச் சரிதான். நீங்கள்தானே மெக்கானிக்."

நானே கட்டினேன். பதினாறு பிளாஸ்டிக் கேபிள் பட்டிகள், முன் கம்பிகளோடு சேர்த்து. முனைகளை வெட்டி, சேலையில் இழுபடாமல் நெருப்புக் காட்டி மழுக்கினேன். நூற்றைம்பது கிலோமீற்றர் வேகத்திலும் அசையாது என்று குகனிடம் சொன்னேன். சொன்னது சரி. அது அசையவில்லை.

ஒன்பது பதினாலுக்கு வெப்ப முள் நடுவைத் தாண்டியது. ஒன்பது பதினாறுக்குச் சிவப்பைத் தொட்டது. குகன் என்னைப் பார்த்தான். நான் வாடிக்கையாளருக்குச் சொல்லும் அதே குரலில் சொன்னேன்.

"ஏசியை நிப்பாட்டு. சூட்டைக் கடைசி மட்டும் திருப்பு. காத்தை முழுக்கக் கூட்டு. எல்லாக் கண்ணாடியையும் திற."

"கண்ணாடி திறக்கேலாது!" என்றாள் புவனா பின்னாலிருந்து. "நாலு மணியில இருந்து அந்த அலங்காரப் பிள்ளை தலை கட்டினது. காத்துப் பட்டா எல்லாம் போச்சு."

"புவனா, எஞ்சின் போயிடும்."

"எஞ்சினையோ நாங்கள் மணவறையில இருத்தப் போறம்?"

இரண்டு நிமிடம் கண்ணாடிகள் பூட்டியபடியே இருந்தன. ஹீட்டர் முழுதாக ஓடியது. ஆரணி ஆறு முழப் பூ வைத்த கூந்தல் அலங்காரத்துடனும் பட்டுச்சேலையுடனும் நடுவில் இருந்தாள். திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன். பூச்சுக்குக் கீழே நிறம் போய்விட்டது.

"அப்பா, எனக்கு ஏலாது," என்றாள்.

கண்ணாடியைத் திறந்தது புவனாதான்.

அடுத்த வெளிவழியில் இறங்கி, ஒரு தளபாடக் கடையின் வாகனத் தரிப்பிடத்தில் நிறுத்தினோம். ஞாயிற்றுக்கிழமை. கடை பூட்டு. ஒரு காரும் இல்லை. ஆரணி இறங்கி, ஒரு சிறு மரத்தடிவரை நடந்து, வாந்தி எடுத்தாள். பிறகு சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு கல் விளிம்பில் இருந்தாள். புவனா கல்யாண அழைப்பிதழால் விசிறினாள். நான் பக்கத்தில் போனேன்.

"பரவாயில்லை, பப்பா," என்றாள் டொச்சில்.

தாய்க்குத் தெரியாமல் எதையாவது மறைக்கும்போதுதான் அவள் என்னுடன் டொச்சில் பேசுவாள். எனக்கு அந்த யோகர்ட் பெண்ணின் ஞாபகம் வந்தது.

மற்றச் சொந்தங்கள் எல்லாரும் முன்னதாகவே மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். டாக்ஸி எடுப்போமா என்று குகன் கேட்டான். "நான் இருக்கிறன்தானே," என்றேன்.

பொனற்றைத் திறந்தேன். முன்னால் நின்று குனிய மயிலின் தோகை முழங்காலில் இடித்தது. வேட்டி வேறு அதன் கண்ணாடிகளில் சிக்கியது. அதனால் பக்கவாட்டில் நின்று பார்த்தேன். விசிறி ஓடுகிறது. பெல்ட் இருக்கிறது. குழாய்களில் வெடிப்பு இல்லை. அரை மணித்தியாலம் பொறுத்தேன். துணி போட்டு, கூலன்ட் மூடியைக் கால்வாசி திருப்பி, காற்றுப் போகவிட்டு, பிறகு திறந்தேன். எல்லாம் முறைப்படி. கூலன்ட் பாதிதான் இருந்தது.

"தண்ணி தா," என்றேன்.

"ரெண்டு போத்தல் இருக்கு. ஒண்டு பிள்ளைக்கு," என்றாள் புவனா. "மற்றது காஸ் தண்ணி. அதைக் காருக்கு ஊத்துங்கோ."

காஸ் தண்ணீரைக் குலுக்கிக் குலுக்கிக் காஸைப் போக்கி ஊற்றினேன். போதுமானதாக இருந்தது. எஞ்சினை இயக்கினோம். நான்கே நிமிடத்தில் முள் மறுபடி ஏறத் தொடங்கியது. நிறுத்தச் சொன்னேன். பத்து மணி ஐந்து.

"பம்ப் போயிட்டுது," என்று அறிவித்தேன். "அல்லது ஹெட் காஸ்கட். இது இனி ஓடாது."

"சரியாத் தெரியுமா அப்பா?" என்று கேட்டாள் ஆரணி.

"முப்பத்தொரு வருசம்," என்றேன்.

குகன் மாப்பிள்ளை வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தான். கார் அனுப்புகிறோம் என்றார்கள். அந்தக் கார் பத்து நிமிடத்தில் எங்களைப் போலவே நெரிசலில் மாட்டியது. டாக்ஸிக்கும் அப்போதே எடுத்திருந்தான். நாற்பது நிமிடமாகும் என்றார்கள். அங்கிருந்து மண்டபம் ஊர்ப் பாதையால் பதினாலு நிமிடம். நான் கூட்டிப் பார்த்தேன். பத்து ஐம்பத்தொன்பது. டாக்ஸி பிந்தாவிட்டால்.

"அரை மணித்தியாலத்துக்கு முன்னமே டாக்ஸிக்கு எடுத்திருக்கலாம்," என்றாள் புவனா. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. முகூர்த்தம் மாப்பிள்ளையின் தாயார் ஐயரை வைத்துப் பார்த்த நேரம். அந்த நேரம் தப்பினால் தாலி கட்ட விடமாட்டேன், இன்னொரு நாள் பார்ப்போம் என்று நிச்சயதார்த்தத்திலேயே சிரித்துக்கொண்டு சொன்னவர். அவர் பகிடி விடுகிற ஆள் இல்லை.

ஆரணி எழுந்து கொஞ்சத் தூரம் நடந்து போய்த் தொலைபேசியில் பேசினாள். டொச்சில், மூன்று வசனம்.

"ஆருக்குப் பிள்ளை எடுத்தனி?" என்றேன்.

"ஹெர் பாவ்லாக்குக்கு."

"அந்த மனுசனுக்கு ஏன்? எழுபத்தாறு வயசு. விருந்தாளி."

"வழியில வந்துகொண்டு இருக்கிறாராம். வீதி வேலை எண்டு தெரிஞ்சு ஊர்ப் பாதையால வாறார். நீங்கள் அவருக்கு எடுக்க மாட்டீங்கள் எண்டு எனக்குத் தெரியும் அப்பா. அதுதான் நான் எடுத்தனான்."

காத்திருந்த அந்த அரை மணித்தியாலத்தைப் பற்றி எழுத எனக்கு இன்னும் மனம் வரவில்லை. நான் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். ஆரணி தண்ணீரை உறிஞ்சிக் குடித்தாள். புவனா அவளுடைய கழுத்து வேர்வையை ஒற்றினாள். ஒருவரும் என்னைக் குறை சொல்லவில்லை. இப்போதும் வீதியில் நிற்கும் எந்தக் காரைக் கண்டாலும் அதன் முன்பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் நடக்கிறேன். அயலில் இரண்டு பேர் அதைப் பற்றி விசாரித்தும் விட்டார்கள். பிள்ளைகளே, மின்சாரக் கார் ஆனாலும் முன்னுக்குக் காற்றுப் போக ஒரு வழி இருக்கிறது. அதையாவது பாருங்கள்.

பத்து முப்பத்தெட்டுக்கு ஹெர் பாவ்லாக் வந்தார். சாம்பல் நிறக் கோட், கழுத்துப் பட்டி, கையில் ஒரு பூச்சட்டி. பூச்சட்டியைப் புவனாவிடம் கொடுத்தார். ஆரணிக்குத் தலை அசைத்து வணக்கம் சொன்னார். எனக்குக் கை கொடுத்தார். நான் தண்ணீர்ப் பம்பைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். அவர் அதைக் கேட்கவில்லை. காரின் முன்னால் போய், இரண்டு அடி தள்ளி நின்று, கைகளைக் காற்சட்டைப் பைக்குள் விட்டார். அப்படியே கொஞ்ச நேரம் நின்றார்.

நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். வேட்டியில் பை இல்லாததால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"என்ன தெரிகிறது, ஹெர் நேசன்?"

நான் பார்த்தேன். அன்று காலையில் அதுதான் முதல் தரம்.

"மயில்," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். பைக்குள்ளிருந்து சிறு கத்தியை எடுத்து என்னிடம் நீட்டினார். பதினாறு பட்டிகளையும் நானே வெட்டினேன். குகன் மயிலைக் குழந்தை மாதிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். எஞ்சினை இயக்கினோம். ஹெர் பாவ்லாக் தன் மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றார். முள் நடுவில் வந்து நின்றது. அதற்குமேல் ஏறவில்லை.

"எத்தனை மணிக்குள் போக வேண்டும்?" என்று கேட்டார்.

"பதினொன்று ஐந்து."

"நேரம் இருக்கிறது. நான் பின்னால் வருகிறேன். பறவையை என் காரில் வையுங்கள்." கதவைத் திறந்து ஆரணியை ஏறவிட்டு, என் பக்கம் குனிந்து, பட்டறையில் எப்போதும் பேசும் அதே குரலில் சொன்னார்: "இப்போது ஏசியைப் போடுங்கள், ஹெர் நேசன். பிள்ளைக்கு வேர்க்கிறது."